எழுத்து எழுதாவிட்டாலும் குடும்பம் குடும்பமே

ஆசிரியர் அவர்களுக்கு,

கோயிலில் தாலி கட்டியாயிற்று, எழுத்து, அதாவது சட்டப்படியான திருமணப் பதிவு, இன்னும் எழுதவில்லை, ஆகவே அரசாங்கக் கணக்கில் இருவரும் தனி ஆட்கள்தான் என்ற நம்பிக்கை பிரித்தானியாவில் வாழும் நம்மவர் பலரிடம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவியை எடுப்பவர்களுக்கு இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. உதவித்தொகைச் சட்டம் எழுத்தைக் கேட்பதில்லை. ஒரே குடித்தனத்தில் கணவன் மனைவி போல வாழ்கிறீர்களா என்றுதான் கேட்கிறது. ஆம் என்றால் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். இருவரின் சம்பளமும் சேமிப்பும் ஒன்றாக எண்ணப்படும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தாலும் இதே விதிதான்.

இதைத் தீர்மானிக்க ஆறு அடையாளங்களைப் பார்ப்பார்கள். ஒரே குடித்தனமா, உறவு நிலையானதா, பணம் கலந்து புழங்குகிறதா, பாலுறவு உண்டா, பிள்ளைகள் இருக்கிறார்களா, வெளியுலகம் அவர்களைச் சோடியாக அறிந்திருக்கிறதா என்பவையே அவை. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக முடிவைச் சொல்லாது. பாலுறவு பற்றி அதிகாரிகள் தாமாகக் கேட்கக்கூடாது என்பது அவர்களுக்கான அறிவுறுத்தல். ஆனால் நீங்களாக அதைச் சொல்லத் தடையில்லை. கிழமைக்கு மூன்று இரவுக்கு மேல் தங்கினால்தான் சோடி என்று பலர் சொல்வார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை.

வீட்டில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்திருப்பவர் கவனிக்க வேண்டியது இது. ஒரே கூரையின் கீழ் இருப்பதால் மட்டும் சோடி ஆகிவிடமாட்டீர்கள். வாடகை வங்கி வழியாகத் தனியாக வருகிறதா, சமையலும் சாமான் வாங்குவதும் தனித்தனியா என்பதைக் காட்டும் பதிவுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். மனம் முறிந்து, வேறு வீடு கிடைக்காமல் அதே வீட்டில் வேறு வேறாக வாழும் கணவன் மனைவிக்கும் இது பொருந்தும். அவர்களைத் தனி ஆட்களாக ஏற்க முடியும், ஆனால் சான்று கேட்பார்கள்.

சேர்ந்து வாழத் தொடங்கினால் கணக்கு எப்படி மாறும்? 25 வயது நிரம்பிய தனி ஒருவருக்கு 2025-26இல் மாதாந்த அடிப்படைத் தொகை 400.14 பவுண். சோடிக்கு 628.10. இரண்டாம் ஆளுக்காகக் கூடுவது 227.96 பவுண் மட்டுமே. இப்போது, ஒரு பிள்ளையோடு வாடகை வீட்டில் இருந்து வேலைக்குப் போகும் தாயின் வீட்டுக்கு, மாதம் 1,800 பவுண் கையில் எடுப்பவர் குடிவருகிறார் என்று வையுங்கள். உதவியை வெட்டாமல் சம்பளத்தில் விட்டுவைக்கும் பகுதி குடும்பத்துக்கு ஒன்றுதான், அதைத் தாயின் சம்பளமே முடித்துவிட்டது. ஆகவே குடிவந்தவருடைய சம்பளத்தில் நூற்றுக்கு 55, அதாவது 990 பவுண், உதவியிலிருந்து வெட்டப்படும். கூடிய 227.96ஐக் கழித்தால் மாதம் 762 பவுண் இழப்பு.

சேமிப்பில் அடி இன்னும் பலமாக விழும். 16,000 பவுண் என்ற மேல் எல்லை தனி ஆளுக்கும் சோடிக்கும் ஒன்றே. உங்களிடம் 2,000, துணைவரிடம் 15,000 இருந்தால் சேர்ந்த மாதத்திலிருந்தே உதவி பூச்சியம். யாழ்ப்பாணத்தில் அவர் பெயரில் இருக்கும் காணியும் வீடும், நீங்கள் அங்கே குடியிருக்காதவரை, பொதுவாகச் சொத்தாகவே எண்ணப்படும். அதன் சந்தை மதிப்பில் விற்பனைச் செலவுக்காக 10 வீதம் கழிப்பார்கள். கழுத்தில் போட்டிருக்கும் தாலிக்கொடி தனிப்பட்ட உடைமை, அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

பலரும் யோசிக்காத இடம் பிள்ளை பராமரிப்புச் செலவு. தனித் தாய் வேலை செய்தால் அந்தச் செலவில் 85 வீதம் வரை திரும்பக் கிடைக்கும். வேலையில்லாத ஒருவர் துணையாக வந்துவிட்டால் அது நின்றுவிடும். நோய், மாற்றுத்திறன், அல்லது வேறொருவரைப் பராமரிக்கும் பொறுப்பு காரணமாக அவரால் பிள்ளையைப் பார்க்க முடியாது என்றால் மட்டுமே தொடரும்.

குடிவரும் நாளும் முக்கியம். உங்கள் உதவியைக் கணக்கிடும் மாதம் 12ஆம் திகதி தொடங்கி 11ஆம் திகதி முடிகிறது என்றால், 10ஆம் திகதி குடிவந்தாலும் அந்த மாதம் முழுவதும் சோடியாகவே கணக்கிடுவார்கள். இரண்டு நாள் பொறுத்தால் ஒரு மாதத் தொகை தப்பும். வந்தவுடன் இணையக் கணக்கில் மாற்றத்தை அறிவியுங்கள். துணைவரும் கணக்குத் தொடங்கி, இணைப்புக் குறியீட்டால் இரண்டையும் இணைக்க வேண்டும். வேலை தேடும் உடன்படிக்கையில் ஒருவர் ஒப்பமிட மறுத்தால் இருவருக்கும் பணம் வராது.

துணை விசாவில் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவருக்கு அரச நிதி உதவி பெறத் தடை இருந்தால், இங்குள்ளவர் தனி ஆளாக விண்ணப்பிக்கலாம், தனி ஆளுக்குரிய தொகையே கிடைக்கும். ஆனால் துணைவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அவரது சம்பளமும் சேமிப்பும் எண்ணப்படும். கூட்டுவதற்கு ஒருவர், கழிப்பதற்கு இருவர். இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஊனத்துக்கான பிஐபி, பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், அரசு ஓய்வூதியம் ஆகியவை துணை வந்தாலும் குறையா. கவுன்சில் வரியில் தனியாள் கழிவான 25 வீதம் போய்விடும்.

ஓய்வூதிய வயதைக் கடந்து, வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் எடுப்பவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருங்கள். அந்த வயதை எட்டாத ஒருவரோடு சேர்ந்தால் அந்த உதவி நின்று, இருவரும் யுனிவர்சல் கிரெடிட்டுக்குப் போக வேண்டும். 2019 மே 15 முதல் இதுதான் விதி. 2025-26இல் தனி ஆளுக்கு வாரம் 227.10 பவுண் என்ற உத்தரவாதம் போய், இருவருக்குமாக மாதம் 628.10 என்ற அடிப்படை வரும். அதிலும் அரசு ஓய்வூதியத்தைப் பவுணுக்குப் பவுண் கழிப்பார்கள். பென்ஷன் கிரெடிட்டில் இல்லாத 16,000 பவுண் எல்லையும் சேர்ந்துகொள்ளும்.

மறைத்து எடுத்த பணம் கடனாகத் திரும்பி வரும். அப்படிக் கடிதம் வந்தால், சோடியாக விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையைக் கழித்து மீதியைக் கணக்கிடும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் முழுத்தொகையையும் கட்டிவிடாதீர்கள். நீங்கள் சோடியே இல்லை என்றால் ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேளுங்கள், அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். ஏற்கெனவே கிடைத்துவந்த உதவியை நிறுத்தியிருந்தால், நீங்கள் சோடி என்று நிரூபிக்கும் பொறுப்பு உதவித்தொகை வழங்கும் அரச திணைக்களத்துடையது. தீர்ப்பாயத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம்.

வெட்டும்போது எழுத்து தேவையில்லை என்ற அதே அரசு, கொடுக்கும்போது எழுத்தைக் கேட்கிறது. துணை இறந்தால் கிடைக்கும் இழப்பு உதவி, எழுத்து எழுதாதவர்களுக்கு 2023 பெப்ரவரி 9 முதல்தான் திறக்கப்பட்டது. அதுவும் பிள்ளை உள்ளவர்களுக்கும் கருவுற்றிருப்பவர்களுக்கும் மட்டுமே. பிள்ளையில்லாமல், கோயில் தாலியோடு இருபது வருடம் வாழ்ந்த பெண்ணுக்கு 2,500 பவுணும் இல்லை, பதினெட்டு மாதம் வரும் 100 பவுணும் இல்லை. தாலி கட்டியதோடு நிற்பவர்கள் எழுத்தையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் இருப்பதால் உதவித்தொகையில் ஒரு பென்ஸும் மிஞ்சாது. இருவரும் நேரில் பதிவு அலுவலகம் சென்று அறிவித்தல் கொடுங்கள், அதன்பின் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உதவித்தொகை ஆலோசகர் ஒருவர்,
கிழக்கு லண்டன்