உறவுகளை இழந்தோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்புக்குரிய தலைவி அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், வாங்கிலும் பாயிலும் அமர்ந்திருக்கும் சங்கத்து உறவுகளுக்கும் வணக்கம். 2024ஆம் ஆண்டுக்கான செயற்பாட்டு அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன்.

ஆண்டு தொடங்கியபோது, போரில் உறவுகளை இழந்தவர்களும் தொலைத்தவர்களுமாக நாங்கள் 43 குடும்பங்கள். மூன்று குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்தன, ஒன்று வவுனியாவுக்குக் குடிபெயர்ந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. டிசம்பர் 1ஆம் திகதிக் கூட்டம் வெள்ளத்தோடு போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மண்டபக் கூரைக்கு இரண்டு தகரம் வாங்கியதைத் தவிர அதில் பரபரப்பாக எதுவும் இல்லை.

ஏப்ரல் கூட்டத்தில் எழுந்த வாக்குவாதத்தை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று இருவர் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். எழுதத்தான் போகிறேன். இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் அதுதான் பெரியது.

2009இல் போர் முடிந்த மாதம் என்பதால், ஒவ்வொரு மே மாதமும் நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இறந்தவர்களின் படங்களை வைத்து, மாலை போட்டு விளக்கேற்றுவது எங்கள் வழக்கம். 2023இல் யாரோ நல்லெண்ணத்தில் ஒரு காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தையும் அந்த வரிசையில் வைத்து மாலை போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அந்தத் தாயார் பத்து மாதம் சங்கத்துப் பக்கம் வரவில்லை. 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர் அவர். ஏப்ரலில் நாங்கள் போய்க் கூப்பிட்டதால் வந்தார். வந்து, "கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளைக்கு நான் எப்படி மாலை போடுவேன்? அவன் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?" என்றார். இதைக் கேட்டு எங்கள் மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர் எழுந்தார். தன் மகளுக்கு அந்தியேட்டி என்ற இறுதிக் கிரியையைச் செய்த பிறகுதான் தனக்கு நித்திரையே வந்தது, எல்லாரும் அப்படிச் செய்து முடித்துவிடுவதுதான் நல்லது என்றார். அதற்கு மேல் குரல்கள் உயர்ந்தன. யார் என்ன சொன்னார்கள் என்பது குறிப்பேட்டில் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

இருவர் சொன்னதும் அவரவர்க்கு உண்மை. உடலைக் கண்டவரின் துக்கமும் காணாதவரின் துக்கமும் ஒன்றல்ல. காணாமற்போனவர்களின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெற 2016இல் சட்டம் வழி செய்தது. அரச பதிவேட்டிலேயே அதற்கென வேறு பத்திரம் இருக்கும்போது, நாங்கள் ஒரே மேசையில் எல்லாரையும் வைத்திருந்தோம். மே 5ஆம் திகதிக் கூட்டத்தில் இரண்டு மேசை என்று தீர்மானமாயிற்று. இரண்டாவது மேசையில் மாலை இல்லை, விளக்கு இல்லை, ஒரு கிண்ணத்தில் பூ மட்டும். முன்மொழிந்தவர் அந்த ஐயாவேதான்.

போரின் கடைசி நாட்களில் கஞ்சி குடித்து உயிர் பிடித்திருந்ததன் நினைவாக மே மாதத்தில் கஞ்சி காய்ச்சி வழங்குவோம். அடுத்த வாரம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அந்தக் கஞ்சியை வழங்கியதற்காகக் கைதுகள் நடந்த செய்தி வந்தது. கஞ்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் பின்வாங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயமும் எங்கள் காயத்தில் ஒரு பகுதிதான். இருந்தும் 18ஆம் திகதி அடுப்பு எரிந்தது. அந்த அம்மா மகனின் படத்தைப் பையில் கொண்டுவந்திருந்தார். பள்ளிச் சீருடையில் எடுத்த படம். 2017இலிருந்து போராட்டப் பந்தல்களுக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் பிளாஸ்டிக் உறையின் ஓரம் கிளம்பியிருக்கிறது. மேசையில் வைத்தார், ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார், பிறகு போய்க் கஞ்சிக்கு அரிசி களையத் தொடங்கினார். பின்னேரம் படத்தைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு கூட்டமும் தவறவில்லை.

உளவளத்துணை பற்றிச் சில வார்த்தைகள். தொடக்கத்தில் மண்டபத்தின் பின்னறையில் இரண்டு கதிரை போட்டு, கதவைச் சாத்தி, உளவளத்துணையாளர் காத்திருந்தார். மூன்று மாதத்தில் போனவர்கள் இரண்டு பேர். அந்தக் கதவுக்குள் போனால் "அவளுக்கு விசர்" என்று ஊர் பேசும் என்ற பயம். இந்த ஆண்டு அந்தக் கதிரைகளைத் தூக்கி ஓலைக் கொட்டிலுக்குள் போட்டோம். பெட்டி இழைத்துக்கொண்டே பேசுகிறார்கள். கண் ஓலையில் இருக்கும்போது வாய் திறக்கிறது. பதுங்கு குழியில் இரண்டு நாள் தண்ணீரில்லாமல் கிடந்ததை ஒருவர் பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சொன்னது அங்கேதான். கேட்டவர்கள் இழைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவரும் நிறுத்தியிருப்பார்.

பயிற்சிக்கு வந்தவர் கரும்பலகையில் ஒரு பிரமிடு வரைந்து காட்டினார். நெருக்கடிகளுக்கென 2007இல் சர்வதேச நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் உள்ளதாம். அடியில் பாதுகாப்பும் சாப்பாடும், அதன் மேல் குடும்பமும் ஊரும், உச்சியில்தான் வைத்தியர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரின் நம்பிக்கையையும் சேர்த்தே உடைக்கிறது என்று எழுதிவருபவர். ஓலைக் கொட்டிலில் நடப்பது இரண்டாம் அடுக்கு வேலை. உச்சியும் சிலருக்கு வேண்டியிருக்கிறது. நால்வரை வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம், மாத்திரை தவறாமல் எடுக்க அயலவர் பார்த்துக்கொள்கிறார்கள். பஸ் செலவு சங்கத்துடையது.

கோயில் தர்மகர்த்தாக்களுக்கு எழுதிய கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. திருவிழா வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இப்போது வெடி ஒருதடவை மட்டும், அதுவும் ஒலிபெருக்கியில் அறிவித்துக் கால்மணி நேரம் கழித்து. அம்மன் கோபித்ததாகத் தெரியவில்லை.

நவம்பர் கடைசி வார வெள்ளத்தில் மண்டபத்தில் இரண்டு இரவு 19 குடும்பங்கள் தங்கின. பாயோடு பாய் நெருங்கிப் படுத்ததும் பலருக்கு, போர் முடிந்தபோது எங்களை அடைத்து வைத்திருந்த மனிக் பாம் முகாம் நினைவுக்கு வந்துவிட்டது. கொட்டில் குழுவினர் யாரும் சொல்லாமலே வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள்: கதவருகே படுக்க விரும்புபவர்களைக் கதவருகே படுக்கவைத்தார்கள், ஒரு விளக்கை அணையாமல் பார்த்தார்கள், விடியும்வரை தேத்தண்ணீர் கொடுத்தார்கள். கதை சொன்ன ஆச்சிக்கும் சபையின் நன்றி.

ஒரு குறை. உதவி தந்த நிறுவனம் ஒன்று ஆண்டின் முதலிலும் முடிவிலும் ஒரு படிவம் தந்தது. அழும் முகம், சிரிக்கும் முகம் என ஐந்து முகங்கள், ஒன்றுக்கு வட்டம் போட வேண்டும். பதினைந்து வருடமாகப் பிள்ளையைத் தேடும் தாய் எந்த முகத்துக்கு வட்டம் போடுவார்? எல்லாருக்குமாக நானே நடுமுகத்தில் வட்டமிட்டு அனுப்பினேன். இது ஒழுங்கீனம் என்று சபை கருதினால் கண்டனத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஓலைக் கொட்டிலுக்கு ஆண்களும் வரவேண்டும். இப்போது வருபவர் அந்த ஐயா ஒருவரே, அவரும் இழைக்கத் தெரியாமல் ஈர்க்குச் சீவிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது, மே மாதத்துக்கு முன் இரண்டாவது மேசைக்கும் ஒரு வெள்ளைத் துணி வாங்க வேண்டும். சென்ற முறை விரித்தது என் வீட்டுக் கட்டில் விரிப்பு.

அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்
முல்லைத்தீவு மாவட்டம்