65 பவுண்டு வில்லுக்கு 500 அம்பு ஆகாது

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. வேட்டை உரிமம் எடுத்தாகிவிட்டது, நுனியில் கேம் என்கிற சக்கரம் வைத்த புது காம்பவுண்ட் வில்லும் வந்துவிட்டது, அக்டோபரில் பென்சில்வேனியாவில் வில் வேட்டைக் காலம் திறக்கிறது, எல்லாம் படித்துச் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை, காலையில் கோட்டை அகழி ஓரமாகக் கொஞ்ச தூரம் நடக்கிறார்கள். அகிலா பிளஸ் டூ. வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பசங்களுக்கு வில் பயிற்சியை விடிந்ததுமே ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் உண்டு என்று அறிவித்ததிலிருந்து சக்கரமில்லாத ரீகர்வ் வில் பிடித்துக்கொண்டிருந்த பசங்களில் சிலர் காம்பவுண்ட் பக்கம் வந்துவிட்டார்கள், அவர்களுக்கு அம்பு தேடிக் கொடுப்பதே தனி வேலையாக இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயம். பயிற்சி முனை போட்டால் நடுவில் போகிறது, வேட்டைக்கான அலகு வைத்த பிராட்ஹெட் முனை போட்டால் 20 கஜத்திலேயே ஒரு சாண் தள்ளிக் குத்துகிறது, அதுவும் ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம், குறி பார்க்கிற சைட்டைத் திருகித் திருகி அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சைட்டைத் தொடாதே. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அம்புத் தண்டில் 500 என்று அச்சடித்திருக்கிறது. அது உன் பழைய 50 பவுண்டு இழுவிசை வில்லுக்கு வாங்கியது, அந்த வில்லுக்குச் சரிதான். இப்போது வில் 65 பவுண்டு, 100 கிரெய்ன் எடையுள்ள முனை போய் 125 கிரெய்ன் பிராட்ஹெட் வந்திருக்கிறது. இரண்டு மாற்றமும் அம்பை ஒரே திசையில்தான் தள்ளுகின்றன: இருக்க வேண்டியதைவிட அது இப்போது ரொம்பத் தளர்வு.

நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முனை தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளையத்தான் செய்யும், ஈர்க்குச்சியைச் சுவரில் வைத்து அழுத்தினால் வளைகிற மாதிரி. தள்ளுகிற வேகம் கூடினால் வளைவு கூடும், முனை கனத்தால் கூடும், தண்டு நீண்டாலும் கூடும். பயிற்சி முனைக்குச் சிறகு கிடையாது, அதனால் அம்பு கொஞ்சம் நெளிந்து கிளம்பினாலும் பின்னால் இருக்கிற வேன் என்கிற இறகுகள் இழுத்து நேராக்கிவிடும், உனக்குத் தெரியவே தெரியாது. பிராட்ஹெட்டின் அலகுகளோ முன்னால் இருக்கிற சிறகுகள். தண்டு நெளிந்து கிளம்பினால் அந்த அலகுகள் காற்றைப் பிடித்துத் தங்கள் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பயிற்சி முனை மறைத்த குறையை பிராட்ஹெட் வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். மடங்கி விரிகிற அலகுள்ள பிராட்ஹெட் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். குறி தள்ளிப்போவது குறையலாம், ஆனால் அம்பு நெளிந்துகொண்டேதான் மான்மேல் படும், நெளிகிற அம்பு ஆழமாக இறங்காது. அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த 500 என்ற எண் எடையும் இல்லை, வேகமும் இல்லை. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தொய்கிறது என்பதுதான். 500 என்றால் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 340 என்றால் 0.340 அங்குலம், ஏறக்குறைய 8.6 மில்லிமீட்டர். எண் குறையக் குறைய விறைப்பு கூடும், முதலில் பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இதை நான் வீட்டிலேயே அளக்கிறேன். ராணிப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிற மச்சானிடம் ஒரு பழைய டயல் கேஜ் வாங்கி வந்தேன், பலகையில் இரண்டு சின்ன பேரிங், துணிப்பையில் மணல். மணலை மளிகைக் கடைத் தராசில் வைத்துக் கொக்கியோடு சேர்த்து 880 கிராம் வருகிறமாதிரி கூட்டிக் குறைத்துக் கட்டிக்கொண்டேன். பையை மெல்ல விட்டால் கேஜ் முள் ஓடி நிற்கும், அப்படியே விரலால் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டினால் முள்ளும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கார்பன் குழாய் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை. மிக விறைப்பான பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, அப்புறம் எல்லா அம்பிலும் நாக்கை (nock, நாண் மாட்டுகிற பின்முனைத் துண்டு) அந்தக் கோட்டுக்கு ஒரே மாதிரி பொருத்திவிடுவேன். ஒரே பெட்டியில் வந்த அம்புகள் அதற்கப்புறம் நெருக்கமாகக் குத்துவதைப் பார்த்தால் விடமாட்டாய், செய்து பார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில் வில்லை நிஜமாக எடை பார். வில்லின் வளைகிற கையான லிம்பில் 70 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது உச்ச அளவு, நீ போல்ட்டைத் தளர்த்தி 65 என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2, 3 பவுண்டு இறங்கும் என்பார்கள், வில்லுக்கு வில் மாறும். கடையில் வில் தராசு இருக்கும், இல்லாவிட்டால் விமானப் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசே போதும், இழுக்கும்போது காட்டுகிற உச்ச எண்தான் உனக்கு வேண்டியது. இழுத்து முடித்தபின் கையில் நிற்கிற எடையை வைத்து அம்பு பார்க்காதே, 80 சதவீத லெட்-ஆஃப் உள்ள, அதாவது இழுத்து முடித்ததும் அவ்வளவு எடை குறைகிற, 65 பவுண்டு வில்லில் அது 13 பவுண்டுதான். அம்பின்மேல் விழுகிற அடி உச்சத்தைக் கடந்து வருகிற அடி.

அப்புறம் நீளம். உன் தண்டு 29 அங்குலம் என்கிறாய். தொய்வு நீளத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும், 28க்கும் 29க்கும் இடையில் ஒரு அங்குலம்தானே என்று தோன்றும், கணக்கில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். அதற்காக இந்த 500ஐயே ஓர் அங்குலம் வெட்டிச் சமாளிக்கலாம் என்று யோசிக்காதே. 65 பவுண்டுக்கு அது போதாது, தண்டு குட்டையாகி பிராட்ஹெட் அலகு, அம்பைத் தாங்குகிற ரெஸ்ட் பக்கமும் உன் விரல் பக்கமும் வந்துவிடும்.

65 பவுண்டு, 29 அங்குலம், 125 கிரெய்ன் முனை என்று தயாரிப்பாளர்கள் போடுகிற அட்டவணையில் பார்த்தால் 340 பக்கம்தான் வந்து நிற்பாய். கேம் சக்கரம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால், இரண்டு எண்ணுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், விறைப்பான பக்கமே போ. கொஞ்சம் விறைப்பு கூடிய அம்பை ரெஸ்ட்டை நகர்த்தி வழிக்குக் கொண்டுவரலாம், தளர்ந்த அம்பு ஆபத்து. கார்பன் தண்டு நாண் அடியிலேயே ஒடிந்தால் அதன் சிம்புகள் இறங்குகிற இடம் வில் பிடித்த கை. ஒவ்வொரு அம்பையும் விடுவதற்கு முன் இரு கையாலும் பிடித்து லேசாக வளைத்துக் காதுக்கருகே வைத்துக் கேள், மெல்லிய நொறுங்கல் சத்தம் வந்தாலும் அதை உடைத்துப் போட்டுவிடு. எங்கள் பசங்களுக்கு இது பல் விளக்குவதற்கு முன்னாலேயே சொல்லிக்கொடுத்த பாடம்.

எடையையும் சேர்த்துப் பார். வில்லின் ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் கீழே அம்பு போகக் கூடாது, அதாவது உனக்கு 325க்குக் கீழே வேண்டாம், வில்லே அடிபடும். மானுக்கு நான் அந்த எல்லையில் நிற்கச் சொல்ல மாட்டேன். 340 தண்டில் 125 முனை போட்டால் மொத்தம் 430, 440 கிரெய்ன் வரும், அதுதான் நல்லது. வேகம் குறையுமே என்று கவலைப்படாதே. விளம்பரத்தில் போடுகிற வேகம் 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு வைத்து எடுத்தது, அது உன் வில்லின் வேகமும் இல்லை.

புது அம்பு வந்ததும் ஆறேழு அடி தள்ளி ஒரு காகிதத்தைக் கட்டி அதன் வழியாக விட்டுப் பார். நீ வலக்கைக்காரன், நாணை விடுவிக்கிற ரிலீஸ் கருவி பயன்படுத்துகிறாய், கிழிசல் இடப்பக்கம் நீண்டால் அம்பு இன்னும் தளர்வு, இல்லையென்றால் வேன் எங்கோ உரசுகிறது. அது சீரானபின் 20 கஜத்திலும் 30 கஜத்திலும் பிராட்ஹெட்டும் பயிற்சி முனையும் ஒரே இடத்தில் குத்துகிறதா பார். ஒன்றாகக் குத்தாதவரை காட்டுக்குப் போகாதே, அக்டோபர் போனாலும் போகட்டும்.

இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை, நானும் அட்டையைத் தவிர வேறு எதன்மேலும் அம்பு விட்டதில்லை, விட ஆசையும் இல்லை. நீ இருக்கிற இடத்தில் அதற்குச் சட்டமும் காலமும் இருக்கிறது, சரி. ஆனால் அந்த மான் ஒரே அம்பில் விழ வேண்டும், காயத்தோடு ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். உங்கள் மாநிலத்தில் 35 பவுண்டு இருந்தாலே சட்டப்படி போதும். இழுக்கும்போது தோள் நடுங்கினால் 65லிருந்து 58க்கு இறக்கிக்கொள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், உலகப் போட்டியில் காம்பவுண்டுக்கு 60 பவுண்டுதான் உச்சவரம்பு, அதை வைத்துக்கொண்டே 50 மீட்டரில் என்னமாய் அடிக்கிறார்கள். ஆனால் இறக்கினால் இறக்கிய எடைக்கு அட்டவணையை மறுபடி பார், 400 வரலாம், அதனால் எடையை முடிவு செய்யாமல் அம்பு வாங்காதே.

தராசு காட்டிய எடை, நாக்கில் நாண் உட்காருகிற தொண்டையிலிருந்து வெட்டிய முனை வரை தண்டின் நீளம், கேம் பெயர், மூன்றையும் எழுதி அனுப்பு, நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பொங்கலுக்கு வருகிறாய் என்றால் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வாங்கி வைக்கச் சொல்கிறேன், அம்மா போன தடவையே உன்னைக் கேட்டார்கள்.

அன்புடன்,
குமார்
காட்பாடி