அக்காவுக்கு, பாப்பாவின் தட்டைப் பற்றி

அக்கா,

அம்மாவின் முதல் வருஷத் தெவசத்துக்கு நீயும் மாமாவும் பாப்பாவும் பாண்டியிலிருந்து வருவீர்கள். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், போன தடவை மாதிரியே பாதியில் அறுந்துபோகும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம், தெரியும். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள். சில பெயர்களை விட்டுவிடுகிறேன், யார் யார் என்று உனக்குப் புரியும்.

பாப்பா இனிமேல் என் வீட்டில் அரை வயிறாக எழுந்திருக்க மாட்டாள். முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு என்ன போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று என்னிடம் சொல்லாதே.

மே மாத லீவில் வந்திருந்தாளே, சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டு வெள்ளரிக்காயை மட்டும் தின்றுகொண்டிருந்தாள். கேட்டதற்கு, "ஊருக்குப் போனதும் அம்மா வெயிட் பார்ப்பாங்க சித்தி" என்றாள். பன்னிரண்டு வயசு அவளுக்கு. அன்று ராத்திரி உன்னிடம் அப்படிக் கத்தியதற்கு மன்னித்துக்கொள். போன் ஸ்பீக்கரில் இருந்ததும், மாமா பக்கத்தில் இருந்ததும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பேன். ஆனால் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அவள் தட்டை ஒதுக்கியதைப் பார்த்ததிலிருந்து அந்த ஆடி ஞாயிறு என்னை விடவே மாட்டேன் என்கிறது. நம் தெரு மாரியம்மன் கோயில் வாசல். வேப்பிலை கட்டிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ், நொய் குழைந்து திப்பி திப்பியாக. பக்கத்துத் தாம்பாளத்தில் சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், வாளியில் கருவாட்டுக் குழம்பு. வரிசை நகர்ந்து என் முறை வந்தது. தூக்கை நீட்டினேன். ஆயா அகப்பையைச் சாய்க்கும் நேரம் பின்னாலிருந்து உன் கை வந்து தூக்கின் வாயைப் பொத்தியது. "அவளுக்கு வேணாம் ஆயா, வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க."

கூழ் உன் புறங்கையில் விழுந்தது. நல்லவேளை, ஆறின கூழ். நீ முந்தானையில் துடைத்துக்கொண்டாய். ஆயா என்னை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஆத்தா கூழை வேணாம்னு சொல்லக் கூடாதும்மா" என்று முனகிவிட்டு, அகப்பையை எனக்குப் பின்னால் நின்ற பையனின் சொம்புப் பக்கம் திருப்பினார். வரிசையில் ஒருத்தர் சிரித்தார். அவர் தெவசத்துக்கும் வருவார், அதனால் பெயர் வேண்டாம். காலித் தூக்கோடு தெருவில் நடந்து வந்ததுதான் எனக்கு அவமானம். அதன் மூடி கூட டக்கு டக்கென்று சத்தம் போட்டது.

அன்று ராத்திரி நீயும் சாப்பிடாமல் படுத்தாய். அதையும் பார்த்தேன். அப்பா போன பிறகு வளையலை அடகு வைத்து என்னைக் காலேஜில் சேர்த்தவள் நீ. எனக்குக் கல்யாணம் தட்டிப்போனால் ஊர் உன்னைத்தான் கேள்வி கேட்கும் என்று பயந்தாய். எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் உடம்பு இளைக்க நீ வாங்கி வந்த பவுடரை வாயைத் திறக்காமல் கரைத்துக் குடித்தேன். முடி கொத்துக் கொத்தாக வந்தபோதும் குடித்தேன். மாதவிலக்கு நின்றுபோனபோது, யாரிடமும் சொல்லாதே என்றாய். ஜாக்கெட் தொளதொளவென்று ஆனதும் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாய்! மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது மயங்கி விழுந்தேனே, அன்றுதான் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8. பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை என்று டாக்டரம்மா சொன்னபோது நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

சர்க்கரைக்குப் பயப்படுகிறேன் என்பாய். அம்மாவின் கால் விரலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நாம் இரண்டு பேரும்தான் நின்றோம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. நம் உடல்வாகுக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை சீக்கிரம் வந்துவிடும், நம்மவர்களுக்கு உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பி.எம்.ஐ. 23-ஐ எட்டினாலே கவனிக்கச் சொல்வது அதனால்தான். சரி, ஆனால் அது வளர்ந்தவர்களுக்கு உள்ள அளவு. கெட்லே என்ற பெல்ஜியத்துக் கணித அறிஞர் 1830-களில் ஜனங்களின் சராசரியைக் கணிக்கப் போட்ட சூத்திரம் அது. அவர் வைத்தியரே இல்லை. பிள்ளைகளுக்கு வயசு வாரியாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறது. நீ பாப்பாவை உன் அளவோடு வைத்துப் பார்க்கிறாய். பெரிய மனுஷி ஆகிற வயசில் இடுப்பிலும் தொடையிலும் சதை போடத்தான் செய்யும். உயரமும் எலும்பும் ஏறுகிற காலமும் அதுதான். அப்போது விட்ட சுண்ணாம்புச்சத்தை நாற்பது வயசில் மாத்திரை முழுங்கி ஈடுகட்ட முடியாது.

தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து தேறுவதே கஷ்டம். கேழ்வரகில் 300-க்கும் மேல் இருக்கிறது. நீ கையை வைத்துத் தடுத்தது அதைத்தான்.

பாப்பா இங்கே வந்தால் காலையில் கேழ்வரகோ கம்போ, மோர் விட்டுக் கரைத்த கூழ். கடலூர் முதுநகரில் படகு வந்ததும் மத்தி வாங்கி, முள்ளையும் மென்று தின்கிற பதத்துக்கு மண்சட்டியில் புளி விட்டு வேகவைப்பேன். முருங்கைக்கீரையோடு கொஞ்சம் எலுமிச்சை, இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதற்காக. சாப்பிட்ட கையோடு டீ கிடையாது, அது இரும்பை ஒட்ட விடாது. வெள்ளைச் சோறும் உண்டு, பயப்படாதே, பருப்போடும் காயோடும்தான். சீசனில் பண்ருட்டிப் பலா. பாக்கெட் தீனியும் கலர் பாட்டிலும் கிடையாது, அதில் நீ சொல்வதுதான் எனக்கும் சட்டம். சாயங்காலம் சில்வர் பீச்சில் விட்டுவிடுவேன். ஓடுவது அவளுக்கு எத்தனை பிடிக்கும் என்று நீ பார்த்திருக்கிறாயா?

தைப்பூசத்துக்கு அம்மா நம்மை வடலூர் கூட்டிப்போவாளே. வள்ளலார் 1867-ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அந்தப் பந்தியில் யாரும் என்ன சாதி, எந்த ஊர், எத்தனை கிலோ என்று கேட்டதில்லை. அம்மா மறுசோறு கேட்டு வாங்கி நம் இரண்டு இலையிலும் போடுவாள். வெளியிடத்தில் கூச்சமில்லாமல் நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அங்கே மட்டும்தான்.

எனக்கு என் உடம்போடு இப்போது சண்டை இல்லை. அகலத் தோளும் தடித்த கையும் அப்பா வழி அத்தைகளுடையவை. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்து முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்தபோது, ஆள் வைக்கக் காசில்லாமல் தாங்களே வெட்டி இழுத்துப் போட்டவர்கள். அந்தக் கையை மறைக்கத்தானே எனக்கு முழுக்கை ஜாக்கெட் தைக்கச் சொன்னாய்? எல்லாவற்றையும் அரைக்கையாக வெட்டித் தைத்துவிட்டேன்.

நீ எப்போது கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டாய் அக்கா? உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன், எல்லாரும் எழுந்த பிறகு அடிச்சட்டியில் இருப்பதை நின்றுகொண்டே வழித்துப் போட்டுக்கொள்கிறாய். கல்யாணமான புதிதில் உன்னை அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அவர்கள் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்தாய், இப்போது உன் வயிற்றில் பிறந்தவளுக்கும் செய்கிறாய். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

தெவசத்தன்று சமையல் என் பொறுப்பு, கேட்டரிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படையல் முடிந்ததும் முதல் பந்தியில் நீயும் பாப்பாவும் உட்கார வேண்டும். நான்தான் பரிமாறுவேன். அப்புறம், பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரத்தம் எடுத்தார்களே, அந்தச் சீட்டை வரும்போது கொண்டு வா. எடுக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. குத்தின இடத்தை என்னிடம் காட்டினாள்.