அந்தப் பிள்ளைகிட்ட தனியா ஒரு நிமிஷம் பேசுங்க டாக்டர்

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி டீச்சர். ப்ளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் வர்ற அன்னிக்கெல்லாம் எந்தப் பிள்ளை தற்கொலை முடிவுக்குப் போயிடுமோன்னு எங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும். ஆனா அந்த ரெண்டு நாள் மட்டும் பயந்தா பத்தாது. மனசு ஒடஞ்ச பிள்ளை அதைச் சொல்லிக்கிட்டு உங்ககிட்ட வராது, தலைவலி, வயித்துவலி, தூக்கம் வரலன்னுதான் வரும், கூட அம்மா வருவாங்க, நீங்க கேக்குறதுக்கெல்லாம் அம்மாவே பதில் சொல்லுவாங்க, பிள்ளை தரையைப் பார்த்துட்டு நிக்கும், நீங்களும் பாரசிட்டமாலும் சத்து மாத்திரையும் எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவீங்க. குத்தம் சொல்லல, வெளிய ஓபி கூட்டம் எவ்ளோ நிக்கும்னு எனக்கும் தெரியும்.

அம்மாவை மாத்திரை வாங்க அனுப்பிட்டு பிள்ளைகிட்ட நேரா கேளுங்க. தற்கொலை எண்ணம் இருக்கான்னு கண்டுபிடிக்க அமெரிக்காவோட தேசிய மனநல நிறுவனம் உருவாக்கின ஏஎஸ்க்யூங்கிற கேள்விப் பட்டியல்ல நாலே கேள்விதான்: இந்த கொஞ்ச வாரமா செத்துட்டா தேவலைன்னு தோணுச்சா, நீ இல்லன்னா வீட்டுக்கு நல்லதுன்னு நினைச்சியா, இந்த ஒரு வாரத்துல தற்கொலை எண்ணம் வந்துச்சா, எப்பவாவது முயற்சி பண்ணிருக்கியா. ஒண்ணுக்கு ஆமான்னாலும், இப்ப அப்படித் தோணுதான்னு கேக்கணும். கேட்டா நாமளே எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு தயங்காதீங்க, அப்படி ஆகுறதில்லைன்னுதான் ஆய்வுகள் சொல்லுது.

இப்பவே தோணுதுன்னு சொல்ற பிள்ளையை ஒரு நிமிஷம்கூட தனியா விடாதீங்க. ஆமான்னு சொன்ன மத்த பிள்ளைங்களையும் ஜிஹெச் போன்னு சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பாம, உங்க ரூம்லயே உக்கார வச்சு அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416 டெலிமானஸுக்கு போன் போட்டுக் கொடுங்க, அது இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க. வீட்டுல சொல்லித்தான் ஆகணும், ஆனா சொல்லப்போறேன்னு முதல்ல பிள்ளைகிட்ட சொல்லிடுங்க. வீட்டுல ஆபத்தான எதுவும் கைக்கு எட்டாம பூட்டி வைக்கச் சொல்லுங்க. போலீஸ் கேஸ் ஆயிடும்னு மறைக்கிற பெத்தவங்களுக்கு, முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவே சொல்லுதுன்னு எடுத்துச் சொல்லுங்க.

இதைவிட முக்கியம் அதுக்கப்புறம் வர்ற மாசங்கள். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட அஞ்சு இடத்துல, தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவங்ககிட்ட ஒரு ஆய்வு பண்ணி 2008ல வெளியிட்டுச்சு. ஒரு மணி நேரம் உக்காந்து பேசி, அப்புறம் 18 மாசத்துல ஒம்பது தடவை போன்லயோ நேர்லயோ விசாரிச்சாங்க, பெருசா வேற எதுவும் இல்ல. வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்சவங்கள்ல 2.2 சதவீதம் பேர் தற்கொலையால இறந்தாங்க, விசாரிக்கப்பட்டவங்கள்ல 0.2. எப்படியும் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போறாங்களே, அந்தப் பிள்ளை வீட்டு வாசல்லயும் நின்னு எப்படிம்மா இருக்கன்னு கேக்க ஏற்பாடு பண்ணுங்க.

பிள்ளையும் வீட்டுலயும் சம்மதிச்சா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. டெஸ்ட், ஹோம்வொர்க், அட்டெண்டன்ஸ் எல்லாத்தையும் நாங்க பார்த்துக்குறோம்.