மேய்ப்பர்களிடமிருந்து தொடங்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். டிசம்பர் பிறந்ததும் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு கிறிஸ்துமஸ் கதை என்று 24 புத்தகம் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். போனில் அவசரமாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை, அதனால்தான் கடிதம்.

வாங்க வேண்டாம். ஐந்து வயதுக்கும் மூன்று வயதுக்கும் ஒரு கதை போதும். அதையே தினமும் சொல். அந்த வயதில் பிள்ளைகள் புதுக்கதைக்கு ஏங்குவதில்லை. நேற்றுக் கேட்டது இன்றைக்கும் அதே இடத்தில், அதே வார்த்தையில் வருகிறதா என்றுதான் காத்திருப்பார்கள். வந்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவார்கள்.

மெல்பர்னில் டிசம்பரில் எட்டரை மணிக்குப் பிறகுதான் பொழுது சாய்கிறது என்றாய். திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள். புத்தகம் கையில் வேண்டாம், படம் காட்டவும் வேண்டாம். அந்தப் படங்களைப் பார்த்துத்தானே பெரியவள், "நமக்கு மட்டும் ஏன் பனி பெய்யவில்லை?" என்று கேட்டாள்? பைபிளில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் பனி பெய்ததாக ஒரு வரிகூட இல்லை. வயல்வெளியில் ராத்திரி மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு ஆடு தெரியாதா என்ன? அங்கிருந்து தொடங்கு.

"ராத்திரி. நல்ல இருட்டு. ஆடெல்லாம் படுத்தாச்சு." இப்படிச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல். ஒரே ஒரு குட்டி மட்டும் தூங்காமல் கத்துகிறது என்று சொன்னால் சின்னவன் "மே" என்பான். கத்தட்டும், விடு. அப்புறம் தூதன் வருகிறான். இந்த இடத்தில் பலரும் குரலை உயர்த்துவார்கள். நீ தாழ்த்து. தூதன் மேய்ப்பர்களிடம் முதலில் சொல்வதே "பயப்படாதிருங்கள்" என்பதுதான். அதைச் சொல்லும்போது பிள்ளையின் முதுகில் கையை வை. படுக்கப்போகிற பிள்ளைக்குக் கிறிஸ்துமஸில் இருந்து கொடுக்க இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவர்கள் இயேசு பாப்பாவைப் பார்க்க எழுந்து நடக்கிறார்கள். "எந்த ஊருக்குப் போனார்கள்?" என்று கேட்டுவிட்டு நிறுத்து. பதில் வரும்வரை நீ வாய் திறக்காதே. "பாப்பா எதிலே படுத்திருந்தது?" என்று மறுபடி நிறுத்து. முன்னணை என்பது மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி என்று ஒரே ஒரு நாள் சொன்னால் போதும், மறுநாளிலிருந்து பெரியவளே தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பாள். பாப்பா தூங்கியது என்பதோடு கதையை முடித்துவிடு.

மாடும் கழுதையும் அங்கே இருந்ததா என்று நிச்சயம் கேட்பார்கள். லூக்கா சொல்லவில்லை. ஆனால் 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் வைக்கோல் பரப்பி, நிஜமான மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, பார்த்தவர்கள் மனசில் பெத்லகேமை உண்டாக்கினார். அதனால் இருக்கட்டும், விரட்டாதே.

நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளான சாஸ்திரிகளை மட்டும் அவசரப்பட்டுத் தொழுவத்துக்குள் கூட்டிவராதே. மத்தேயுவில் அவர்கள் ஒரு வீட்டுக்குள் வந்துதான் பிள்ளையைப் பார்க்கிறார்கள். ஜனவரி 6 அவர்களுடைய திருநாள், அதுவரைக்கும் நட்சத்திரத்தையும் பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் பத்திரமாக வைத்திரு. பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜா இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். தீக்குச்சி விற்கும் சிறுமியைப் பற்றி ஆண்டர்சன் 1845-இல் எழுதிய கதையும் அப்படித்தான். அருமையான கதை. ஆனால் குளிரில் ஒரு பிள்ளை செத்துப்போவதைக் கேட்டுவிட்டு மூன்று வயது எப்படித் தூங்கும்? எட்டு வயதாகட்டும், பகலில் மடியில் வைத்துப் படித்துக் காட்டு.

கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையா என்று பெரியவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள் இல்லையா? இன்றைக்குத் துருக்கியில் இருக்கும் மீராவில், நாலாம் நூற்றாண்டில், நிக்கோலாஸ் என்ற பேராயர் இருந்தார். அவரிலிருந்து வந்தவர்தான் இந்தத் தாத்தா. அதைத் தைரியமாகச் சொல். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஓர் ஏழைத் தகப்பன் வீட்டு ஜன்னல் வழியாக அவர் ராத்திரியில் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனதாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். யார் கொடுத்தது என்று தெரியாமல் கொடுத்தார் பார், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல். டிசம்பர் 6 அவருடைய நாள், அன்றைக்கு வைத்துக்கொள். ஆனால் "சேட்டை பண்ணினால் தாத்தா ஒன்றும் தரமாட்டார்" என்று மட்டும் மிரட்டாதே. அந்த மனுஷன் அப்படிப்பட்டவரே இல்லை.

கதை முடிந்ததும் "ஒப்பில்லா திரு இரா" பாடு, தமிழ் "சைலன்ட் நைட்" அதுதான். 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற சின்ன ஊரில், யோசெப் மோர் என்ற இளம் குருவானவரும் கிரூபர் என்ற பள்ளி ஆசிரியரும் வெறும் கிதாரை வைத்து முதன்முதலில் பாடிய மெட்டு அது. நீ சிறுபிள்ளையாக இருந்தபோது இரண்டாவது அடிக்குள் தூங்கிவிடுவாய்.

உனக்கு ஈவினிங் டியூட்டி இருக்கிற நாட்களில் மாப்பிள்ளை சொல்லட்டும். அவருக்குக் கதை வராது என்று நீயே முடிவு கட்டாதே. நீ சொல்கிற வார்த்தையையே அவரும் சொல்லட்டும், தவறினால் பிள்ளைகளே திருத்துவார்கள். அவருக்கும் முடியாவிட்டால் எனக்குப் போன் போடு. அங்கே ராத்திரி ஏழரை என்றால் இங்கே மத்தியானம் இரண்டு மணி, சாப்பிட்டுவிட்டுச் சும்மாதான் இருப்பேன். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும். போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிடச் சொல்.

அன்புடன்,
அம்மா