மூக்கு ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

அன்பு மகளே,

மூக்கின் வடிவத்தை மாற்றிக்கொள்வது உன் முடிவு. அதில் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் எந்தச் செலவு இன்சூரன்ஸில் வரும், எது உன் கையிலிருந்து போகும் என்பது தேதி வாங்கும் முன்பே உனக்குத் தெளிவாகிவிட வேண்டும்.

அழகுக்காக மட்டும் செய்கிற ஆபரேஷனுக்குப் பொதுவாக இன்சூரன்ஸ் பணம் தராது. பாலிசியில் விலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் எழுதியிருப்பார்கள். உறுப்பின் வேலை கெட்டிருந்தால் கதை வேறு. மேல் இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறது என்று பார்வைப்புலச் சோதனை காட்டினால் கிளெய்ம் கிடைக்க வழி உண்டு. மார்பகக் குறைப்பில் எத்தனை கிராம் திசு எடுக்கப்படும் என்பதை உடல் பரப்பளவோடு ஒப்பிட்டு முடிவு செய்கிற நிறுவனங்கள் உண்டு. 1991-ல் வெளியான ஷ்னூர் அட்டவணையை அதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

உனக்கு மூக்கின் நடுத்தடுப்பு வளைந்து ஒரு பக்கம் மூச்சு அடைக்கிறது. அந்த வளைவை நிமிர்த்துவது செப்டோபிளாஸ்டி, வெளி வடிவத்தை மாற்றுவது ரைனோபிளாஸ்டி. இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்யலாம், ஆனால் கிளெய்ம் முதலாவதுக்குத்தான். பெரும்பாலும் தகராறு வருவது இங்கேதான். எஸ்டிமேட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே பேக்கேஜாக எழுதிவிட்டால், மொத்தத்தையும் அழகு ஆபரேஷன் என்று தள்ளிவிடுவார்கள். அதனால் டாக்டர் கட்டணம், தியேட்டர் நேரம், மயக்க மருந்து மூன்றையும் இரண்டு ஆபரேஷனுக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல். வடிவத்துக்காகக் கூடுகிற நேரத்துக்கு உண்டான தியேட்டர், மயக்க மருந்துச் செலவும் உன்னுடையதுதான்.

இன்சூரன்ஸின் முன் அனுமதிக்கு அனுப்பும்போது, மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்த்த எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டும், மூக்கு ஸ்பிரேயைச் சில வாரம் ஒழுங்காகப் போட்டும் அடைப்பு குறையவில்லை என்ற டாக்டரின் குறிப்பும் இருக்கட்டும். ஸ்பிரே போட்ட தேதிகள் இல்லாமல் திரும்பி வருகிற விண்ணப்பங்கள் நிறைய. அனுமதி வந்தாலும் அது பணம் தருவதாகக் கொடுத்த உறுதி அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் அதோடு ஒத்துப்போக வேண்டும். வடிவத்துக்கான வேலையையும் மூச்சுக்காக என்று எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே கண்ணம்மா. குறிப்பைப் படித்தாலே தெரிந்துவிடும். பாலிசியையே ரத்து செய்ய அது இடம் கொடுக்கும்.

மீதிப் பணத்துக்குச் சேமிப்புதான் நல்லது. கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால் வட்டியை எப்படிப் போடுகிறார்கள் என்று கேள். 1,00,000 கடன், ஆண்டுக்கு 18 சதவீதம், 24 மாதம் என்று வை. குறையும் அசலுக்கு வட்டி என்றால் இஎம்ஐ சுமார் 4,992, மொத்த வட்டி 19,800-ஐ ஒட்டி வரும். அதே 18 சதவீதத்தை ஃபிளாட் ரேட்டில், அதாவது கடைசி மாதம்வரை முழுக் கடன் தொகைக்கும் போட்டால் இஎம்ஐ 5,667, வட்டி 36,000. "வட்டியில்லாத் தவணை" என்பதிலும் பிராசஸிங் கட்டணத்தைப் பார். சில திட்டங்களில் சலுகைக் காலத்துக்குள் கடைசிப் பைசா வரை கட்டாவிட்டால், முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மினிமம் கட்டிக்கொண்டே போவதை மட்டும் செய்யாதே.

எஸ்டிமேட்டில் எழுதாமல் விடுவதுதான் பின்னால் கடிக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகள், மருந்துகள், மூக்கைத் தாங்க வைக்கும் ஸ்பிளின்ட்டை எடுக்கப் போகும் நாள், கூடுதலாக ஒரு இரவு தங்கினால் ஆகும் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிப் பார். சளியோ காய்ச்சலோ வந்து தள்ளிப்போட்டால் அட்வான்ஸ் திரும்புமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கு.

எனக்கு அதிகக் கவலை இன்னொன்றில். அழகு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கசிவோ தொற்றோ வந்தால், அந்தச் சிகிச்சையையும் விலக்குகிற பாலிசிகள் பல. உன்னுடையதில் அந்த வரி இருக்கிறதா என்று இன்சூரன்ஸ் நிறுவனத்தை மெயிலில் கேட்டு, பதிலைச் சேமித்து வை. போனில் சொன்னது எதற்கும் உதவாது. மூக்கின் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும். வடிவம் திருப்தியில்லை என்றால் மறு ஆபரேஷனை வழக்கமாக அதற்குப் பிறகுதான் யோசிப்பார்கள். டாக்டர் தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும் தியேட்டரும் மயக்க மருந்தும் மறுபடி பில்லில் வரும். அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வை. அதைக் கடனில் எடுக்க வேண்டிய நிலை என்றால் இப்போதைக்கு மூச்சடைப்பை மட்டும் சரிசெய்துகொள்.

பிரித்து எழுதிய எஸ்டிமேட்டையும் பாலிசியின் விலக்குகள் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பு. நானும் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா