மறதிநோய்: எங்கே போய்க் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் எந்த டாக்டரிடம் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மறதிநோய்க்கு அப்படி இல்லை. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கும் மாமியாரை, செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் வழி தெரியாமல் நிற்கும் அப்பாவை, "வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று வீட்டோடு வைத்துக்கொள்கிறோம். 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும்கூட இதேபோல் மறதியைக் கொண்டுவரும். அவற்றுக்கு மருந்து உண்டு. அதற்காகவாவது ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டாமா?

முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என இலவச எண்கள் இருக்கின்றன. அவற்றை ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பெரிதாக எழுதி வைக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அப்படியே ஞாபகசக்தி பற்றியும் இரண்டு கேள்வி கேட்டால் என்ன? ஏற்காட்டுக்காரர்கள் ஒரு சந்தேகம் கேட்பதற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டாம் பாருங்கள்.

அப்புறம், பார்த்துக்கொள்பவர்கள். பெரும்பாலும் மகளோ மருமகளோதான், ராத்தூக்கம்கூடக் கிடையாது. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மாதம் ஒருநாள் இவர்கள் கூடிப் பேச ஓர் அறை கொடுக்கலாம். மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமருக்கு செப்டம்பர் 21 உலக நாள்; அன்றே தொடங்கட்டுமே.

ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்